தினமும் மாலை ஒரு சாட்சி

ஜூன் 2, இரவு

அண்ணா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறையில் தங்கியிருக்கும் நண்பர்களிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. கிழித்தால் ஒட்டிவிடுவார்கள் என்று தோன்றினால் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்துவிடு. நான் உனக்கு எழுதியது அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் பயமாக இருக்கிறது.

என் போனை வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டில் எந்தத் திரையில் எதைத் தட்டினாலும் எப்படியோ அவர் கண்ணில் பட்டுவிடுகிறது. அதனால்தான் காகிதம். விளக்கின் மேல் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ போன பிறகு கீழே அப்பாவின் பயிற்சி மையத்தில் பின்அறைக் கம்ப்யூட்டரை அப்கிரேடு செய்தார்கள். பழைய பதிப்பில் ஓடும் மையங்களில் தேர்வு நடத்த மாட்டோம் என்று வாரியம் சொல்லிவிட்டது. ஒரு டெக்னீஷியன் வந்து புதிய பதிப்பைப் போட்டுக் கொடுத்தார். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாளுக்கு நாள் மந்தமாகிவிட்டது. ஒவ்வொரு இருக்கையிலும் இருப்பது வெறும் திரையும் கீபோர்டும்தான், நிஜ வேலையெல்லாம் பின்அறையில் ஒரே பெட்டிக்குள் பன்னிரண்டு கற்பனைக் கம்ப்யூட்டர்கள் செய்கின்றன, அதற்கு வி.எம். என்று பெயர் என்று நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்? அந்தப் பன்னிரண்டும் இப்போது தூங்கி வழிகின்றன. நேற்று ஒரு பையன், "சார், 'அ' அடிச்சுட்டு டீ குடிச்சுட்டே வந்துட்டேன், இன்னும் வரல சார்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

இதையெல்லாம் செய்தது நீதான் என்கிறார். "போறவன் சும்மா போகல. உள்ள எதையோ வெச்சுட்டுப் போயிருக்கான்" என்று சாப்பிடும்போதும் சொல்கிறார், பல் தேய்க்கும்போதும் சொல்கிறார். அப்கிரேடு ஆன அடுத்த நாள் ஏழாம் இருக்கையில் யாரும் தொடாமலே அம்புக்குறி தானாக நகர்ந்ததை அவர் கண்ணால் பார்த்தாராம். திரை மூலையில் உன் பெயர் வந்ததாம். வக்கீல் புகாரை எழுதித் தயாராக வைத்திருக்கிறார். அனுமதி இல்லாமல் உள்ளே நுழைந்தது, மெஷின்களைக் கெடுத்தது, இரண்டும் அதில் இருக்கின்றன. 25-ஆம் தேதி வாரியத்து ஆட்கள் வந்து ஒத்திகைத் தேர்வு நடத்திப் பார்ப்பார்கள். அன்றும் திணறினால் மையத்தின் அனுமதி போய்விடும். அது போனால் அன்று மாலையே போலீஸில் கொடுத்துவிடுவேன் என்கிறார். உன்னை இன்னும் வேலையில் நிரந்தரமாக்கவில்லை என்று அம்மா சொன்னாள். போலீஸ் புகார் வந்தால் உன்னை வைத்துக்கொள்வார்களா?

நீ என்ன செய்தாய் என்று மட்டும் சொல். நான் யாருக்கும் தெரியாமல் அதை எடுத்துவிடுகிறேன்.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. எங்கள் பள்ளிக்கூட வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பு. கடைக்கார அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் தங்கை

*

ஜூன் 6

கொசு,

"நீ என்ன செய்தாய் என்று மட்டும் சொல்." அடேங்கப்பா. அப்பா வாயால் சொல்ல, வக்கீல் திருத்த, நீ எழுதினது போல இருக்கிறது. எழுத்து உன்னுடையதுதான். பக்கத்தில் யார் நின்றார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் எதையும் வைத்துவிட்டு வரவில்லை. நான் அங்கே வைத்தது பன்னிரண்டு வி.எம்.கள். நான் இருந்தவரை அவை ஒரு தும்மல் போட்டதில்லை. அதற்கு எனக்குக் கிடைத்த சம்பளம், "நீ இல்லாட்டி இந்தக் கடை மூடிடுமா?" என்ற கேள்வி. மூடாது என்று சொல்லிவிட்டுத்தானே வந்தேன்? இப்போது மூடுகிறது என்றால் என்னை ஏன் தேடுகிறீர்கள்?

புகார் கொடுக்கட்டும். பெற்ற பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தவர் என்று வாசலில் பலகை எழுதி மாட்டட்டும். சேர்க்கை பிய்த்துக்கொண்டு வரும்.

அந்த டெக்னீஷியனை எனக்குத் தெரியும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம் சார்" என்பவர்தானே? அவருக்கு ரீஸ்டார்ட் என்று பெயர் வைத்ததே நான்தான். அவரிடமே கேள்.

நீ நிஜமாகவே தனியாகத்தான் எழுதுகிறாய் என்றால் இதற்குப் பதில் சொல். நான் பையோடு இறங்கிய அன்று நீ மாடிப்படியில் நின்றாய். வாயைத் திறக்கவில்லை. கையைப் பின்னால் வைத்திருந்தாய். அந்தக் கையில் என்ன இருந்தது? நான் பார்த்தேன். அப்பா பார்க்கவில்லை.

நான் உதவப்போவதில்லை. ஆனாலும் எரிச்சல் தாங்காமல் ஒன்று கேட்கிறேன். மந்தமானதும் ரீஸ்டார்ட் ஒவ்வொரு வி.எம்.முக்கும் பெட்டியின் மூளையில் எத்தனை பங்கு, அதாவது கோர், கொடுத்தார்? எத்தனை என்று பார்த்தாலே போதும், தலையில் அடித்துக்கொள்ளலாம்.

அண்ணன் என்று கையெழுத்துப் போட மனசு வரவில்லை.

*

ஜூன் 10, இரவு

அண்ணா,

உன் சார்ஜர். உன் லேப்டாப் சார்ஜர்தான் கையில் இருந்தது. அது இல்லாமல் போனால் பாதி வழியில் திரும்பி வருவாய் என்று நினைத்தேன். நீ வரவில்லை. இன்னும் என் துணி அலமாரியில்தான் இருக்கிறது. போதுமா? இனிமேல் என்னை வக்கீலோடு சேர்த்துப் பேசாதே. உனக்குக் கோபப்படக் கதவு திறந்திருந்தது, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நான் இந்த வீட்டில்தானே இருக்கிறேன்? நீ வாங்க வேண்டிய திட்டையும் சேர்த்து நான்தான் வாங்குகிறேன்.

கோர் எட்டு. எல்லாவற்றுக்கும் எட்டு. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"பசிக்குதுன்னா சோறு போடறோம்ல சார், அது மாதிரிதான். ஆளுக்கு எட்டு எட்டா குடுத்துட்டேன். இனி பறக்கும் பாருங்க" என்றார் ரீஸ்டார்ட்.

அப்பா மூன்றாம் இருக்கையில் உட்கார்ந்து ஒரு வரி அடித்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பின்னால் நர்ஸ் அக்கா நின்றிருந்தார். பதவி உயர்வுத் தேர்வுக்காக இரண்டு மாதமாகப் படிக்கிறாரே, அவர்தான்.

"எங்க பறக்குது? எறும்பு இதைத் தாண்டிப் போயிடும்" என்றார் அப்பா.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம் சார்."

"காலையிலேருந்து அதைத்தானே பண்றீங்க? கம்ப்யூட்டர் படிச்சீங்களா, சுவிட்ச் போடப் படிச்சீங்களா?"

"சார், கோச்சுக்காதீங்க. உங்க பையன் செட் பண்ணினது. அவர் மனசுல என்ன வெச்சுப் பண்ணினாரோ."

ரீஸ்டார்ட் அதைச் சும்மா சொன்னார், தன் தலை தப்பிக்க. ஆனால் அப்பாவின் முகம் எப்படி மாறியது என்று நீ பார்த்திருக்க வேண்டும். யாரோ அவர் கையில் ரசீது கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

காலையில் மையத்தைத் திறந்து மெஷின்களைப் போடுவது இப்போது என் வேலை. உன் கேள்வியில் ஏதோ இருக்கிறது என்று புரிந்தது. அதனால் நேற்று பன்னிரண்டாம் இருக்கைக்கு, அந்தத் தூண் மறைக்கும் மூலையில் யாரும் உட்கார மாட்டார்களே, அதற்கு எட்டை இரண்டாக்கினேன். கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தது. நிஜமாக. குறைத்துக் கொடுத்தால் எப்படி வேகம் கூடும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் கூடியது.

அப்பா மாலையிலேயே கண்டுபிடித்துவிட்டார். "இதை யார் தொட்டது?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். திரும்ப எட்டாக மாற்றினார். இன்று முதல் பின்அறைக்குள் நான் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டுமாம். கண்காட்சியில் கண்ணாடிப் பொருள்களைப் பார்க்கிற குழந்தை மாதிரி.

நீ உதவாவிட்டால் போ. ஆனால் ஏன் குறைத்தால் வேகம் கூடியது என்றாவது சொல்.

உன் தங்கை

*

ஜூன் 13

கொசு,

சரி, நம்புகிறேன். சார்ஜரை நீயே வைத்துக்கொள். புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன். அதற்காக உன்னை ஒரு வாரம் திட்டினேன், கணக்கு தீர்ந்தது.

அந்தப் பெட்டியில் நிஜமாக இருப்பது பதினாறு கோர். நான் ஆளுக்கு இரண்டு கொடுத்திருந்தேன். எல்லோரும் ஒரே நொடியில் கேட்க மாட்டார்கள், சமாளித்துக்கொள்ளும். எட்டு கொடுத்தால் ஒவ்வொரு வி.எம்.மும், எனக்கு எட்டு நாற்காலியும் சேர்ந்து காலியானால்தான் உட்காருவேன் என்று நின்றுகொண்டே இருக்கும். ஒரே குடும்பமாக எட்டுப் பேர் ஓட்டலில் ஒரே மேஜைக்காகக் காத்திருப்பது போல. இரண்டு பேர் என்றால் மூலையில் எங்காவது உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாம். அவ்வளவுதான்.

ஆனால் இது நடுவில் ரீஸ்டார்ட் சேர்த்த நோய். முதலில் வந்த நோய் வேறு. இரண்டு விஷயம் பார். ஒன்று, வெளியே இருக்கும் பெட்டியைப் புதுப்பித்தால் ஒவ்வொரு வி.எம்.முக்கு உள்ளேயும் டூல்ஸ் என்று ஒரு சின்னத் தொகுப்பு இருக்கும், அதையும் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் பழைய மொழியில் பேச, வெளியே இருப்பவர் மொழிபெயர்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டாவது, வி.எம்.களின் டிஸ்க் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரைத் திற. ஒரு வி.எம்.முக்கு ஒரு பெரிய கோப்பு இருக்க வேண்டும். அப்படி இருக்கிறதா, வால் நீண்டிருக்கிறதா?

நான் சொன்னதாகச் சொல்லாதே. நான் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு செய்யவும் செய்யாதே. நீயே பார்த்து, நீயே புரிந்துகொண்டு, உன் வாயாலேயே விளக்க வர வேண்டும். இல்லாவிட்டால் நீ சரி செய்த அடுத்த நிமிஷம் அவர் என்ன சொல்வார் என்று எனக்கு இப்போதே கேட்கிறது. சரி பண்ணத் தெரிந்தவன்தானே கெடுத்திருப்பான் என்பார். அப்புறம் மெஷின் ஓடினாலும் நான் குற்றவாளி, ஓடாவிட்டாலும் நான் குற்றவாளி.

அம்புக்குறி விஷயம். ஆமாம், அது நான்தான். நர்ஸ் அக்கா போனில் அழுதார். இரவு முழுக்க டியூட்டி பார்த்துவிட்டு நேராக வந்து அடித்த கட்டுரையை முழுசாக அழித்துவிட்டாராம். சாரிடம் சொன்னால் எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கிவிடுவார் என்றார். வாங்குவார், நமக்குத் தெரியாதா? இங்கிருந்தே நெட் வழியாக உள்ளே வந்து மீட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன். அப்பா எதிரில் நின்று பார்த்திருக்கிறார் போல. பேய் பார்த்தவர் மாதிரி அலறினார் என்று பிறகு அக்கா சொன்னார். இதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உனக்குச் சொன்னதே தப்பு. உன் வாய் பூட்டிய வாய் என்பதால் சொன்னேன். அதை உன்மேல் குறையாகத்தான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன்.

அண்ணன்

*

ஜூன் 17, இரவு

அண்ணா,

வால் நீண்டிருக்கிறது. எவ்வளவு நீளம் என்றால், திரையில் உருட்டி உருட்டி விரல் வலித்தது.

இன்று அப்பா வக்கீல் வீட்டுக்குப் போனார். அம்மாவிடம், "கையைக் கட்டிக்கிட்டுத்தான் போறேன், ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பின்அறைக்குள் போனேன். அம்மா, "கட்டிக்கிட்டே மௌஸை எப்படிப் பிடிப்ப?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாதது போல இருந்தால் அப்பா அவளையும் கேட்க மாட்டார் அல்லவா?

ஒவ்வொரு வி.எம்.முக்கும் ஒரு பெரிய கோப்பு, அதன் பின்னால் ஒரு நாளுக்கு ஒன்று என்று சின்னச் சின்னக் கோப்புகள். எல்லாம் மாலையில் உருவானவை. ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது அண்ணா. அப்கிரேடுக்கு முன்னால் ரீஸ்டார்ட் அப்பாவிடம், "ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க சார், ஏதாவது ஆச்சுன்னா பழைய நிலைக்கே போயிடலாம்" என்று சொல்லி எப்படி எடுப்பது என்று காட்டினார். அப்கிரேடு ஆன அடுத்த நாள் அம்புக்குறி நகர்ந்தது. அன்றிலிருந்து அப்பா தினமும் மாலை, எல்லோரும் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக ஸ்நாப்ஷாட் எடுக்கிறார். "அப்பா உள்ள போட்டோ எடுக்கறாரு, சத்தம் போடாத" என்று அம்மா சொல்வாள். நானும் ஏதோ பாதுகாப்புக்கு என்று நினைத்தேன். ஒருநாள் காபி கொண்டுபோனபோது அவரே சொன்னார்: "நாளைக்கு அவன் இல்லன்னு சொல்வான்ல? அப்போ ஒவ்வொரு நாளையும் எடுத்து முன்னாடி வெப்பேன். எல்லாம் சாட்சி."

ஒவ்வொரு ஸ்நாப்ஷாட்டுக்குப் பிறகும் மாற்றங்கள் எல்லாம் புதுக் கோப்பில்தான் எழுதப்படும் என்று உதவிப் பக்கத்தில் படித்தேன். அப்படியென்றால் இப்போது ஒரு வி.எம். ஒரு எழுத்தைத் தேட வேண்டுமென்றால் இன்றைய கோப்பில் பார்த்து, அதில் இல்லாவிட்டால் நேற்றையதில் பார்த்து, முந்தாநாளையதில் பார்த்து, அப்படியே அடிவரை இறங்க வேண்டும், சரிதானே? மூன்று இருக்கைகளுக்கு டூல்ஸும் புதுப்பித்துப் பார்த்தேன். திரை கொஞ்சம் சுறுசுறுப்பாகியது, அவ்வளவுதான். மெதுவாக்குவது அந்த வால்தான்.

நீ கெடுக்கவில்லை. ரீஸ்டார்ட்கூட முழுசாகக் கெடுக்கவில்லை. உன்மேல் சந்தேகப்பட்டு அப்பா எடுத்து வைத்ததுதான் மெஷின்களைக் கெடுத்திருக்கிறது.

இப்போது என்ன செய்வது? ஸ்நாப்ஷாட்களை நீக்கினால் வேகம் வந்துவிடும். ஆனால் அவை சாட்சி. நான் நீக்கினேன் என்று தெரிந்தால், அண்ணனுக்காகத் தங்கை சாட்சியை அழித்தாள் என்றுதானே சொல்வார்? சொல்லு அண்ணா. சீக்கிரம் சொல்லு. கீழே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டாலும் காகிதத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளுகிறேன்.

உன் தங்கை

*

ஜூன் 20

கொசு,

தொடாதே.

ஸ்நாப்ஷாட்டை நீக்குவது என்றால் எல்லா நாளையும் அடியில் இருக்கும் கோப்போடு ஒன்றாகச் சேர்ப்பது. இன்றைய வேலை எதுவும் போகாது, ஆனால் பழைய நாள்கள் தனித்தனியாக இருக்காது. இவ்வளவு நீளமான வாலைச் சேர்க்கப் பல மணி நேரம் ஆகும். நடுவில் யாராவது சுவிட்சை அணைத்தால் அந்த வி.எம். செத்தது. அணைப்பவர் யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

25-ஆம் தேதி திணறட்டும். புகார் கொடுக்கட்டும். நான் வந்து நின்று பதில் சொல்லிக்கொள்கிறேன். வேலை போனால் வேறு வேலை. உனக்கு இன்னும் அந்த வீட்டில் பரீட்சை எழுத வேண்டும், சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். வீரப் பதக்கம் யாரும் குத்தப்போவதில்லை. பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு நில்.

சாட்சியைத் தொடாமலே நிரூபிக்க ஒரு வழி இருக்கிறது. சொல்ல மாட்டேன். சொன்னால் செய்துவிடுவாய். பெரிய மனுஷியாகிவிட்டாய் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

அவர் தன் சந்தேகத்தைத் தானே சாப்பிட்டு ஜீரணிக்கட்டும். நீ பரிமாறாதே.

அண்ணன்

*

ஜூன் 23, இரவு

அண்ணா,

உன் வழி என்ன என்று எனக்குத் தெரியாது. என் வழியை நானே கண்டுபிடித்தேன். வி.எம். மேல் வலது பக்கம் சொடுக்கினால் வரும் வரிசையில் "முழு நகல்" என்று ஒன்று இருக்கிறது. நகல் எடுக்கும்போது வாலையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே கோப்பாக எழுதும், அசலைத் தொடாது. நேற்று அப்பா வாரிய அலுவலகத்துக்குப் போயிருந்தபோது ஏழாம் இருக்கையை நகல் எடுத்தேன். தனி டிஸ்க்கில் போட்டேன். இரண்டு கோர். டூல்ஸ் புதியது. இதுதானே உன் வழி? அப்படியென்றால் நீ எழுதாமலே எழுதிவிட்டாய்.

ஒளித்துச் செய்யவும் இல்லை. இன்று மதியம் அப்பாவைக் கூப்பிட்டு அசலையும் நகலையும் அருகருகே போட்டேன். "ரெண்டுலயும் அடிச்சுப் பாருங்கப்பா" என்றேன்.

அசலில் அடித்தார், காத்திருந்தார். நகலில் அடித்தார், விரல் எடுப்பதற்குள் எழுத்து வந்துவிட்டது. மறுபடி அடித்தார். ஒரு பத்தி முழுக்க அடித்தார். நர்ஸ் அக்காவும் இன்னும் இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். "எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போங்க" என்றார்.

"யார் சொல்லிக் குடுத்தா?"

"மெனுவுலயே இருக்குப்பா. உதவிப் பக்கத்துலயும் எழுதியிருக்கு."

"கெடுத்தவனுக்குத்தான் சரி பண்ணத் தெரியும். உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கிட்டத்தட்ட நீ எழுதியதையே சொன்னார். அதனால் நான் ஏற்கெனவே தயாராக இருந்தேன். ஒரு விடைத்தாளின் மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினேன். ஒவ்வொரு தாளிலும் ஒரு வார்த்தையை மாற்றி எழுதினேன். "இப்போ மூணாவது வரி என்னன்னு படிங்கப்பா" என்றேன். மேலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார், வாய்மொழித் தேர்வு மாதிரி. கோர் ஏன் குறைத்தாய்? டூல்ஸ் என்றால் என்ன? எல்லாவற்றுக்கும் சொன்னேன். கடைசியில், "அப்கிரேடுக்கு முன்னாடி ஏன் இப்படி ஆகல?" என்றார். வென்றுவிட்டதாக நினைத்துக் கேட்டார்.

"அதுக்கு முன்னாடி நீங்க ஸ்நாப்ஷாட் எடுக்கலப்பா."

அப்பா கையிலிருந்த பிளாஸ்டிக் தாள்களை மேசையில் வைத்தார்.

"அப்போ நான்தான் கெடுத்தேன்னு சொல்ற."

"ஆமாம்ப்பா."

அடிப்பார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. "மேல போ" என்றார்.

மாலையில் அவரே பின்அறையில் உட்கார்ந்து பன்னிரண்டுக்கும் நகல் எடுக்க ஆரம்பித்தார். இன்று ஸ்நாப்ஷாட் எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது வக்கீல் போன் செய்தார். அப்பா சொன்னது அப்படியே எனக்குக் கேட்டது: "மெஷினை மெதுவாக்கினான்னு இருக்குல்ல, அதை எடுத்துடுங்க. உள்ள நுழைஞ்சதை விடாதீங்க. அது நான் கண்ணால பார்த்தது."

மெஷின்கள் ஓடிவிடும் அண்ணா. ஆனால் புகார் இன்னும் இருக்கிறது. இளைத்துப்போய், ஆனால் இருக்கிறது.

சாப்பிடும்போது என்னைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஒண்ணும் கெடுக்கலன்னா அன்னிக்கு எதுக்கு உள்ள வந்தான்? திருட வந்தானா? இல்ல, அப்பன் எப்படித் திண்டாடறான்னு வேடிக்கை பாக்க வந்தானா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "நர்ஸ் அக்காவோட கட்டுரை அழிஞ்சுபோச்சுப்பா. எடுத்துக் குடுக்க வந்தான்" என்று சொல்லிவிட்டேன். உன் வாக்கை நான் உடைத்துவிட்டேன். அம்மா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"இது உனக்கு யார் சொன்னா?"

"அவங்கதான் சொன்னாங்க."

"அப்படியா? கேக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னார். கை கழுவிவிட்டுக் கீழே போய்விட்டார்.

இதை எழுத உட்கார்ந்தபோது, நர்ஸ் அக்காவுக்கு உடனே போன் செய்து, தங்கையிடம் நான்தான் சொன்னேன் என்று சொல்லச் சொல் என்று உன்னைக் கெஞ்சத்தான் நினைத்தேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்பதுகூட அப்போது தோன்றவில்லை. இப்போது அது வேண்டாம் என்றே தோன்றுகிறது. அக்கா பொய் சொல்லத் தடுமாறினால் அப்பா எதையுமே நம்ப மாட்டார். அக்கா உள்ளதை உள்ளபடி சொன்னால், நீ ஏன் உள்ளே வந்தாய் என்பது அவருக்குத் தெரிந்துவிடும், புகாரில் எதுவும் மிஞ்சாது. உங்கள் பெண்ணிடம் நான் எதுவும் சொல்லவில்லையே என்றும் சேர்த்துச் சொல்வார். பிறகு எனக்கு யார் சொன்னார்கள் என்று அப்பா யோசிக்க வேண்டியதில்லை, நாம் எழுதிக்கொள்வது தெரிந்துவிடும்.

அதனால் நீ குறுக்கே வராதே. அவரைத் திட்டி எழுதாதே. கோபத்தில் வக்கீலுக்குப் போன் செய்துவிடாதே. என்ன ஆனாலும் நான்

கீழே பேச்சுச் சத்தம் கேட்கிறது. அக்காவுக்கு இன்று இரவு டியூட்டி, விழித்துத்தான் இருப்பார். "பயப்படாதீங்கம்மா, திட்ட மாட்டேன். உள்ளதைச் சொல்லுங்க போதும்" என்கிறார் அப்பா போனில். இவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"ம்" என்கிறார். "ம்." "அவனே எடுத்துக் குடுத்தானா?"

அண்ணா, அக்கா சொல்லிவிட்டார். நீ தப்பித்துவிட்டாய் என்று நினைக்கிறேன்.

"இதை என் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

அக்கா சொல்வது எனக்குக் கேட்காது.

போனை வைத்துவிட்டார். படியில் செருப்புச் சத்தம். விளக்கை அணைக்கலாம், ஆனால் துண்டுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்திருக்கும். உறையில் முகவரி எழுதிவிட்டேன், நாளை காலை எப்படியாவது ஜெராக்ஸ் கடை அக்காவிடம் கொடுத்து அனுப்பச் சொல்கிறேன். உன் கடிதங்களைக் கேட்டால் கொடுக்க மாட்டேன். யார் எழுதினது என்று கேட்டால் மட்டும் மறைக்க மாட்டே

கதவைத் தட்டுகிறா